பத்தியக்காவின் மூக்கு

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே இருந்த பத்தியச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் பத்தியக்கா. டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மேலே வார்டில் படுத்திருப்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமலேயே அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். திட்டாமல் என்ன செய்வார்கள்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊரே சொல்லும்போது, தினம் நூற்று எழுபது தட்டு உப்பில்லாப் பண்டத்தை மேலே அனுப்புவதுதான் அவள் பிழைப்பு.

தட்டில் மஞ்சள் சீட்டு இருந்தால் உப்பு கூடாது. நீலச் சீட்டு என்றால் எல்லாம் மசித்தது. பச்சைச் சீட்டு சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு. மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்து வந்தால், "பாவம், பேருக்குத்தான் சாப்பாடு" என்று முணுமுணுத்துக்கொண்டே, பூசணி மசியலில் எலுமிச்சைத் தோலைத் துளி துருவிப் போடுவாள். கொஞ்ச நேரத்துக்காவது நாக்கு உப்பை மறக்கட்டும் என்பது அவள் கணக்கு.

அவளுடைய முதல் கருவி கரண்டி இல்லை, மூக்கு. பால் கேனைத் திறந்ததும், "இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது, காலையிலேயே காய்ச்சிடுங்க" என்பாள். ஒரு முறை லாரியில் வந்திறங்கிய உடைத்த கோதுமை பன்னிரண்டு மூட்டையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறதாம். கிடங்குப் பொறுப்பாளர் மூட்டைக்குள் தலையையே விட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைமை நர்ஸ் வந்து, "பத்தியக்கா மூக்கு வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று முடித்துவிட்டாள். அதற்கு முந்தைய நடையில் லாரியில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஏற்றியதை டிரைவர் பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

வீட்டில் அந்த மூக்குக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். திருட்டுத்தனமாக ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, வெற்றிலை போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, மாடி ஏறி வந்தாலும் கதவைத் திறந்ததுமே பிடிபட்டுவிடுவார். "நம்ம வீட்டுக்குப் போலீஸ் நாய் தேவையில்ல" என்று தங்கையிடம் சொல்லுவார். அந்தத் தங்கை, பத்தியக்காவின் நாத்தனார், அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் தையல் கடை வைத்திருந்தாள். இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். சண்டை போட்டாலும் ஒரு வேளைக்கு மேல் தாங்காது.

பத்தியக்கா ஓய்வு பெற்ற அன்று, சமையலறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு உறை கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரம் வரும் என்று நினைத்திருந்தவளுக்கு ஒரு சீட்டு வந்தது. இரண்டு பேர், சனிக்கிழமை மதியம் மூன்று மணி, பழைய நகரில் வழிகாட்டியோடு நடந்து போய் நாலு இடத்தில் சாப்பாடும் ஒயினும் ருசி பார்க்கலாம்.

புருஷன் கையை விரித்துவிட்டார். "சாப்பிட்டுட்டு நடப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நடந்து நடந்து சாப்பிடறதா? நான் உக்காந்தே சம்பாதிச்சவன், உக்காந்தேதான் சாப்பிடுவேன்."

சீட்டு குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் நாத்தனார் அதைப் பிய்த்து எடுத்தாள்.

"அண்ணி, இதுல எக்ஸ்பைரி தேதி போட்டிருக்கு. கெட்டுப்போன சாமானை வீட்ல வெக்க விடமாட்டீங்களே. இதை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?"

"நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்? வெளியூர்க்காரங்க போறது. நாம இங்கேயே இருக்கறவங்க."

"இங்கேயே இருந்து என்னத்தைப் பாத்தீங்க? பஸ் ஜன்னல்தான் பாத்தீங்க."

அது நிஜம். பத்தியக்காவின் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், நடுவில் பழைய நகர். கோட்டைச் சுவரும் மணிக்கூண்டும் தினமும் இரண்டு தடவை ஜன்னலில் வந்து போகும். செருப்புத் தைக்க இரண்டு மூன்று முறை இறங்கியிருப்பாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை கோட்டை வாசலில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். வழிகாட்டி நாற்பத்தைந்து வயது மனிதர், முன்பு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். கையில் சிவப்புக் குடை. மழையில்லை, தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க ஒரு அடையாளம். வந்தவர்களில் கழுத்தில் மஞ்சள் சால்வை சுற்றிய ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் இருந்தார். ஒயின் பற்றித் தனக்குத் தெரியாததில்லை என்பதை முதல் தெருமுனைக்குள் எல்லோருக்கும் தெரியப்படுத்திவிட்டார்.

"மஞ்சள் சீட்டு" என்று காதோரம் கிசுகிசுத்தாள் நாத்தனார். பத்தியக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் சுவரோடு ஒட்டிய ரொட்டிக் கடை. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் பிய்த்து, எண்ணெய் தடவி, மேலே கல்லுப்பைத் தூவிக் கொடுத்தார்கள். எல்லோரும் கை நீட்டியபோது பத்தியக்கா மட்டும் பின்னால் நின்று, யார் மெல்லச் சிரமப்படுகிறார்கள், யாருக்கு இன்னும் போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரு துண்டை அவள் வாயிலேயே வைத்துவிட்டாள். பல்லில் உப்புக்கல் நொறுங்கியது. பத்தியக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"இரு, பேசாதே" என்றாள்.

இரண்டாவதாகப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சீஸ் கடை. வழிகாட்டி அந்தப் படிகளை எந்தக் காலத்தில் யார் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தியக்காவோ கடைக்காரரிடம், சீஸ் கட்டிகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்பி வைப்பீர்கள், சுற்றுகிற துணியை வெந்நீரில் அலசுவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளைச் சுகாதார இலாகா என்று நினைத்து, கேட்காமலேயே கையுறையை மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது இடம் ஒயின்காரம்மாவின் நிலவறை. பத்தொன்பது கல்படி இறங்க வேண்டும். உள்ளே மண்பானைக்குள் புகுந்தது போல ஒரு குளிர்ச்சி. கவிழ்த்த பீப்பாய்கள்தான் மேசை. ஒயின்காரம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். குட்டை முடி, கரகரத்த குரல். ஒரு வாரமாகச் சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. கைக்குட்டையும் கையுமாக அவளே எல்லோருக்கும் ஊற்றினாள்.

முதல் ஒயின் வெளிர் நிறம். பத்தியக்கா வழக்கம்போல முகர்ந்துவிட்டு ஒரு மிடறு குடித்தாள். பச்சைப் பேரிக்காயை நறுக்கியது போல இருந்தது. பிடித்திருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது சிவப்பு. அந்த நிலவறையின் பெருமையே அதுதான் என்று வழிகாட்டி அதன் வயதையும் மலைச்சரிவையும் வர்ணித்தார். மஞ்சள் சால்வைக்காரர் கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு, கூரையைப் பார்த்து, "மழை நின்னதும் வர்ற மண்வாசனை. இதை விவரிக்கவே முடியாது" என்று விவரித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

பத்தியக்கா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் கை அப்படியே நின்றது.

நாத்தனார் முழங்கையால் இடித்தாள். "என்ன அண்ணி, முகம் இப்படிக் கோணுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா குடிங்க."

"மாட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஈரச் சாக்கு வாடை அடிக்குது. நனைஞ்ச அட்டைப்பெட்டியை மூலையில போட்டு மறந்துட்டா வருமே, அது. இது கெட்டுப்போச்சு."

நாத்தனாருக்குக் கிசுகிசுக்க வரும், கிசுகிசுத்ததை மறைக்கத்தான் வராது. "கெட்டுப்போச்சா?" என்றாள். நிலவறை அந்த வார்த்தையை எடுத்துச் சுவருக்குச் சுவர் கொடுத்தது.

எல்லோரும் திரும்பினார்கள். பத்தியக்காவுக்குக் காது சூடேறியது. மஞ்சள் சால்வைக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்து, "பழக்கம் இல்லாதவங்களுக்கு முதல்ல அப்படித்தாம்மா தோணும்" என்றார். வழிகாட்டி தர்மசங்கடத்தோடு ஒயின்காரம்மாவைப் பார்த்தார்.

அவள் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு வந்தாள். பத்தியக்காவின் கிளாஸை வாங்கி முகர்ந்தாள். அடைத்த மூக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, பக்கத்துச் சட்டியில் துப்பினாள். அந்தச் சிவப்பு ஒயின் வந்த பெட்டியிலிருந்தே வேறொரு புட்டியை எடுத்துத் திறந்து, புதுக் கிளாஸில் ஊற்றி நீட்டினாள்.

"இது?"

பத்தியக்கா முகர்ந்தாள். "இது வேற. இது நல்லா இருக்கு. கறுப்புத் திராட்சையை வெல்லத்துல ஊற வெச்ச மாதிரி." தயங்கினாள். "நான் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

"எதுக்கு மன்னிப்பு? முதல் புட்டியில தக்கை கெட்டு, அந்த வாடை ஒயின்ல இறங்கியிருக்கு. எல்லாரும் கிளாஸைக் கீழ வெச்சுடுங்க, புதுசா ஊத்தறேன்." ஒயின்காரம்மா பத்தியக்காவின் பக்கம் திரும்பினாள். "சளி வந்ததிலிருந்து மூக்கே இல்லாம கடை நடத்திட்டிருக்கேன். நீங்க எந்தக் கடையில வேலை பாத்தீங்க?"

"கடை இல்லீங்க. ஆஸ்பத்திரி. பத்தியச் சமையல்."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். ஒயின்காரம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியில் மீதியிருந்த நாலு புட்டிகளையும் வரிசையாகத் திறந்து முன்னால் வைத்தாள். பத்தியக்கா ஒவ்வொன்றாக முகர்ந்தாள். முந்தின வாடை மூக்கை விட்டுப் போக இடையிடையே தன் முந்தானையை முகர்ந்துகொண்டாள். மூன்றாவதைத் தள்ளி வைத்தாள். ஒயின்காரம்மா அதை ருசி பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

மஞ்சள் சால்வைக்காரர் தன் காலிக் கிளாஸைப் பார்த்தார். "நான் ரெண்டாவது தடவை வேற கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றார். சொன்ன விதத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் நிலவறையே சிரித்தது. பத்தியக்காவுக்கு அவரை அந்தக் கணத்திலிருந்து பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு நடந்த தூரமெல்லாம், "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எதையாவது அவள் மூக்கடியில் நீட்டிக்கொண்டே வந்தார், வழியிலிருந்த ஒரு பூத்தொட்டி உட்பட.

நாலாவதாக, ஆற்றைப் பார்த்த ஒரு சிறிய உணவு விடுதி. நீள மேசை, வெள்ளை விரிப்பு, புகையூட்டிய மீன், வறுத்த பருப்பு, தேன் ஊற்றிய கேக். வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர் பத்தியக்காவின் இடப்பக்கம் குனிந்து தட்டை வைத்தார். இருபத்தாறு வருடம் தட்டுகளை அனுப்பியவளுக்கு, இவ்வளவு பதவிசாக ஒரு தட்டு தன்னிடம் வந்தது புதிதாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கை தானாகவே பக்கத்துத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியது. நாத்தனார் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"விடுங்க அண்ணி. ரிட்டயர் ஆயாச்சு."

"கை கேக்கமாட்டேங்குதுடி."

"கேக்கும். இன்னொரு கேக் துண்டு குடுத்துப் பாருங்க."

கேக் கொடுத்ததும் கை கேட்டது.

வெளியே வரும்போது ஒயின்காரம்மா கோட்டைச் சுவரோரம் காத்திருந்தாள். பத்தொன்பது படி ஏறி, மூச்சு வாங்க வந்திருந்தாள். வாரத்தில் இரண்டு காலை, சுற்றுலாக்காரர்களுக்குத் திறக்கிற புட்டிகளை முன்கூட்டியே முகர்ந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். சளி சரியாகும்வரைதான் என்றும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மோந்து பாக்கறதுக்கா வேலை? குடிக்க வேண்டாமா?"

"குடிக்க வேண்டாம். துப்பிடலாம்."

"இத்தனை வருஷம் எனக்குச் சும்மா பண்ணினியே அந்த உத்தியோகத்தை" என்றார். பிறகு, "போயிட்டு வா. வீட்ல இருந்தா என்னையேதான் மோந்துட்டிருப்ப" என்று அனுமதி போலவும் வேண்டுகோள் போலவும் சொன்னார்.

ஒயின்காரம்மாவின் சளி பத்து நாளில் போய்விட்டது. பத்தியக்கா வேலையை விட்டுப் போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது மணிக்கு நிலவறையில் இறங்குகிறாள். முதல் மாதம் புட்டிகளைப் பற்றித் தன் நினைவுக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அவளுக்கு ஒயின்காரர்களின் பாஷை தெரியாது. அதனால், 'அயர்ன் பண்ணின பருத்தித் துணி', 'ஆரஞ்சுத் தோலை நகத்தால கிள்ளினா', 'முதல்ல முறைக்கும், அப்புறம் பழகிடும்' என்று எழுதினாள். ஒயின்காரம்மா அதைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிப் புட்டிகளின் கழுத்தில் தொங்கவிட்டாள். வருகிறவர்கள் முதலில் அட்டைகளைத்தான் படிக்கிறார்கள். வழிகாட்டி மலைச்சரிவுக் கதையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

எல்லாவற்றிலும் விலை கூடிய ஒரு புட்டிக்கு மட்டும் அவள் நாலு வாரமாக ஒன்றும் எழுதவில்லை. ஒயின்காரம்மா விடவில்லை.

"ஏதாவது எழுதுங்க. அது மட்டும் மொட்டைக் கழுத்தா நிக்குது."

"எனக்குப் பிடிக்கலையே. பொய் எழுதச் சொல்றீங்களா?"

"தோணறதை எழுதுங்க."

பத்தியக்கா பேனாவை எடுத்து, 'எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கலாம். கேட்டுப் பார்த்து வாங்கவும்' என்று எழுதினாள். ஒயின்காரம்மா அட்டையை இரண்டு முறை படித்தாள். கிழித்துப்போடுவாள் என்று பத்தியக்கா எதிர்பார்த்தாள். அவள் நூலைக் கோத்து, அதையும் கழுத்தில் கட்டினாள். அந்த வாரமே ஆறு புட்டி போயிற்று. அதில் இரண்டை வாங்கியவர், பிடிக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும் என்று வந்த மஞ்சள் சால்வைக்காரர்.

"பிடிச்சுதா?" என்று கேட்டாள் பத்தியக்கா அடுத்த வெள்ளிக்கிழமை.

"இல்லம்மா" என்றார் அவர் நிம்மதியாக. "நீங்க சொன்னது சரி."