கோடு விழாத ஓரம்

வெந்நீர் வாளியில் போட்ட கொஞ்ச நேரத்துக்கு அந்தத் துணி பிடிகொடுக்காது. இளநீல நிறத்தில், விறைப்பாக, தொட்டால் சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மிதக்கும். பிறகு மெல்லக் கஞ்சி விடத் தொடங்கும். இரண்டு அலசு அலசிப் பிழிந்தால் கையில் இருப்பது அசல் மல் துணி. தெலுங்கு நாட்டில், காஞ்சன்பாக்கில் நான் டைப்பிஸ்டாக இருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், இயந்திரப் படங்களை மையால் நகலெடுக்கப் பயன்பட்ட டிரேசிங் துணி அது. அதற்குள் இப்படியொரு மெல்லிய துணி இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் டிராயிங் ஆபீசில் டிரேஸராக இருந்த அக்கா.

அக்கா என்றால் என்னைவிட நாலு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் ஆபீஸ் முழுக்க, தெலுங்குக்காரர்கள் உட்பட, அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காக அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்து மல்காஜ்கிரியில் குடியேறியவர். நான் பார்த்த காலத்தில் அவர் படுத்த படுக்கை. படிக்கிற தங்கைகள் இரண்டு பேர். அந்த வீட்டின் அடுப்பு அக்காவின் சம்பளத்தில் எரிந்தது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், “நக்கோம்மா, அந்தப் பேச்சே நக்கோ” என்று சிரித்துக்கொண்டே குனிந்து கோடு போட ஆரம்பித்துவிடுவார். திருச்சியிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த எனக்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம் சொன்னதும் அவர்தான்.

படம் வரைந்து முடித்ததும் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கிற ஓரத்தைக் கத்தரித்துவிடுவார்கள். நாலு விரல் அகலப் பட்டைகள். பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. ரத்தான படங்களோடு அந்தப் பட்டைகளும் அதற்குள் போகும். வெள்ளிக்கிழமை தோறும் பின்கட்டில் ஓர் இரும்பு டிரம்மில் போட்டு எல்லாவற்றையும் எரித்து, பதிவேட்டில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ராணுவ வேலை, ஒரு துண்டு வெளியே போகக் கூடாது. அக்காவுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. “பருத்தி வெளையறதுக்கு எவ்ளோ தண்ணி குடிக்குது தெரிமா? அத்த கொண்டுபோய் நெருப்புல போட எப்டி மனசு வரும்?” என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. சீஃப் டிராஃப்ட்ஸ்மேனுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மல்லுக்கட்டி, மாதம் ஒருமுறை கேட் பாஸ் வாங்கினார். ஒரே நிபந்தனை: பட்டையில் ஒரு கோடுகூட விழுந்திருக்கக் கூடாது.

அந்தப் பட்டைகள் பால் வடிகட்டும் துணியாக, கைக்குட்டையாக, கேன்டீன் குழாய்களுக்குக் கட்டும் வடிகட்டியாக மாறின. எங்கள் ஆபீசில் அக்காவின் கைக்குட்டை இல்லாத ஆள் கிடையாது. சீஃப் சாரே மூக்குக் கண்ணாடியை அதில்தான் துடைப்பார். இன்றைக்கு நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் போன மாதம் ஆளுக்கொரு பச்சை அட்டை கொடுத்து, சுற்றுச்சூழலுக்காக ஓர் உறுதிமொழி எழுதச் சொன்னார்கள். பிளாஸ்டிக் பை வாங்க மாட்டேன், ஷவரில் குளிக்க மாட்டேன் என்று எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். நான் மட்டும் என் அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று கேட்ட செயலாளரிடம் கண்ணாடி அகப்படவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நான் உண்டாகியிருந்தேன். ஏழாம் மாதம். பிறக்கப்போகிற குழந்தைக்கு அந்த மல் துணியில்தான் ஜப்லா போட வேண்டும் என்று என் மனதில் புகுந்துவிட்டது. அக்காவிடம் கேட்டேன். “பட்டைங்கள ஒண்ணா சேத்துத் தெச்சுத் தரேன்” என்றார். நாலு விரலுக்கொரு தையல் வந்தால் பச்சைக் குழந்தையின் உடம்பில் உறுத்தாதா? முழுத் துணியாக, ரத்தான படம் ஒன்றைத் தரக் கூடாதா என்று கெஞ்சினேன். அக்காவின் முகம் மாறியது. “கோடு விழுந்தது வெளிய போவாதும்மா. அத்த மட்டும் கேக்காத.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரத்தான படங்களின் எண்களைப் பட்டியல் போட்டு டைப் அடிக்கிற வேலை என்னுடையதுதான். அந்த வாரம் பட்டியலில் ஒன்றைக் குறைத்தேன். பெட்டிக்குப் போகும் முன் என் மேஜைக்கு வந்த அந்தப் படத்தைப் புடவைக்குள் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பட்டப்பகலில், கேட்டைத் தாண்டி குவார்ட்டர்சுக்கு நடந்தேன். வாயும் வயிறுமாக இருந்தவளை யார் சோதனை போடுவார்கள்? கேட்டில் இருந்த அம்மாள், “பார்த்துப் போம்மா” என்று தெலுங்கில் கரிசனமாகச் சொல்லி அனுப்பினாள். வெந்நீரில் போட்டேன். கோடுகள் எல்லாம் போயின. ஒரு மூலையில் மட்டும் ஓர் அளவுக்கோடும் எண்ணும் லேசாக, சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெயிலில் போய்விடும் என்று கொடியில் உலர்த்தினேன். அடுத்த வீட்டுக்காரர் செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற நேரம் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

“ஏ கப்டா கஹாங் ஸே ஆயா ஜீ?” என்று கேட்டார். எங்கிருந்து வந்தது துணி? வேலை போய்விடும், போலீஸ் வரும், இந்த நிலைமையில் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். “டிரேஸர் அக்கா கொடுத்தாங்க” என்று சொல்லிவிட்டேன். நம்பும்படியான பொய். ஊருக்கே துணி கொடுப்பவர் அவர்தானே.

அன்று மாலை ஐந்து மணி வரை அக்காவை செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மேஜை, டிராயர், பை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வாக்கியம்தானாம்: “கோடு விழுந்தத நா குடுத்ததில்ல.” யார் பெயரையும் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்டதைக்கூட. சஸ்பென்ஷன் உத்தரவு தயாராகிறது என்றார்கள்.

மறுநாள் காலை என்னை எழுத்து வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் அக்காவின் டிராயரிலிருந்து எடுத்த சாமான்கள் பரப்பிக் கிடந்தன. ஊசி, நூல்கண்டு, கத்தரி. பக்கத்தில் பாதி தைத்த இரண்டு ஜப்லா. பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்று தையல் மடிப்பு முழுவதையும் வெளிப்பக்கமாக வைத்துத் தைத்திருந்தார்.

பாவி, நான் அங்கேயே அழுதேன். அழுகையோடு உண்மையைச் சொன்னேன். வாக்குமூலம் நாலு பிரதி வேண்டும் என்றார்கள். டைப்பிஸ்ட் நான்தானே, நானே கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தேன். சீஃப் சார் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வாசித்துவிட்டு, “புத்தி எங்கேம்மா போச்சு?” என்றார். அந்தப் படம் ஆபத்தான எதனுடையதும் இல்லை, தொழிற்சாலை சைக்கிள் ஸ்டாண்டினுடையது. அதனாலும் என் வயிற்றினாலும் எச்சரிக்கை மெமோவோடு தப்பித்தேன். அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேட் பாஸ் ரத்து. ஓரமோ நடுவோ, இனி அத்தனையும் நெருப்புக்கு. அந்த இரண்டு ஜப்லாவும்கூட சிவப்புப் பெட்டிக்குத்தான் போயின.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது எனக்கு ஒரு கூடுதல் வேலை காத்திருந்தது. வெள்ளிக்கிழமை எரிப்புக்கு முதல் சாட்சி அக்கா, இரண்டாம் சாட்சி நான். சீஃப் சார் யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும். முதல் வாரம் நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தோம். “கொழந்த நல்லா தூங்குதா?” என்று அக்காதான் முதலில் கேட்டார். தூங்குகிறாள் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “ஹவ் ஹவ், ஆமாம்மா, தெரியும்” என்று கையைக் காட்டி அடக்கிவிட்டு, பெட்டியைத் திறந்தார். ரத்தான படங்களை அள்ளி டிரம்முக்குள் போட்டார். ஓரப் பட்டைகளை மட்டும் அப்படிப் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, பிசிறு நறுக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அடுக்கினார்.

“எரியப்போறதுக்கு எதுக்குக்கா இவ்ளோ பதவிசா மடிக்கிறீங்க?”

“நாளைக்கே மறுபடி எடுத்துக்கோன்னு சொல்லிட்டா? அன்னிக்குக் கை மறந்துட்டு இருக்கக் கூடாதுல்ல.”

அடுக்கை டிரம்முக்குள் குனிந்து வைத்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார். பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். அவர் ஓய்வுபெறும் வரை அந்த அனுமதி திரும்ப வரவில்லை. அவரும் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது எரிந்து முடிகிற வரை பக்கத்தில் நின்று, எரிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டேன்.