கப்பல் விருந்துக்கு ஒரு மாத்திரை

ஊரார் எடுத்த வாந்தியைக் கழுவுகிறவளைப் பார்த்தால் மட்டும் எல்லாருக்கும் குமட்டுகிறதே, எடுத்தவர்களைப் பார்த்து ஏன் யாருக்கும் குமட்டுவதில்லை? சித்தி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. அதனால் அவளுக்கு நடந்ததை அவள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

சித்திக்கு பஸ் டிப்போவில் வேலை. வெளியூர் போய்த் திரும்பும் பஸ்களுக்குள் ஏறிக் கழுவுவாள். தூசியும் காலி பாட்டிலும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வாந்திதான் வேலை. மலைப்பாதை பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். யாராவது வாந்தி எடுத்திருந்தால் டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே வருவார். அது டிப்போவின் வழக்கம். அதற்கு மேல் பேச்சில்லை. வண்டியை நிறுத்துவார், மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார், நேராக கான்டீனுக்குப் போய்விடுவார். சித்தி வாளியோடு ஏறுவாள்.

மரத்தூளைத் தூவி ஊறவிட வேண்டும். பிறகு தகரத்தால் வழித்து அள்ள வேண்டும். சீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் துணி சுற்றிய விரலை விட்டு நோண்ட வேண்டும். வெயிலில் காய்ந்துவிட்டால் தோசைக்கரண்டியைப் போல ஒன்றை வைத்துச் சுரண்ட வேண்டும். அந்தப் புளித்த வாடை பினாயிலுக்கும் மசியாது. தலைமுடிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு வீடுவரை கூடவே வரும்.

கான்டீனில் அவளுக்குக் குழாயடியில் ஒரு ஸ்டூல். 'இந்தப் பக்கம் வராதே' என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் நீள மேஜையில் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் திடீரென்று கை கழுவ வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவருக்கு போன் வரும். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். அவர்களைக் கிளப்பிவிட்டுத் தான் சாப்பிடுவது சித்திக்குப் பிடிக்கவில்லை. அவளாகவே ஸ்டூலுக்குப் போய்விட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன கையால் குழாயைப் பார்த்தபடி சாப்பிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்கு ஏதோ ஆண்டு விழா வந்தது. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், கழுவுகிறவர்கள் எல்லாருக்கும் சொகுசுக் கப்பலில் ஒரு பயணம். கப்பலில் நீச்சல் குளம் உண்டு, பாட்டு உண்டு என்று மேனேஜர் அடுக்கிக்கொண்டே போனார். சித்தியின் காதில் ஒன்றுதான் விழுந்தது. முதல் நாள் சாயங்கால விருந்தில் ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு வட்ட மேஜை. வட்ட மேஜைக்கு ஓரம் கிடையாது, குழாயடி கிடையாது. ஒரே ஒரு வேளை அவர்களோடு மனுஷியாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் போதும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

ஆசைக்குக் குறுக்கே வயிறு நின்றது. ஊர் வாந்தியை முகம் சுளிக்காமல் அள்ளுகிறவளுக்கு, ஊஞ்சலில் இரண்டு ஆட்டம் ஆடினால் போதும், குடலே வெளியே வந்துவிடும். அவள் பிழைப்பு முழுக்க ஓடாத பஸ்ஸில்தான். ஆடுகிற கப்பலில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில், அத்தனை பேர் முன்னால் வாந்தி எடுத்துவிட்டால்? அப்புறம் ஸ்டூலைக்கூட வாசலுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மருந்து தேட ஆரம்பித்தாள். அதிலும் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. பஸ் தரையில் எதையெல்லாம் பார்த்திருக்கிறாளோ அதையெல்லாம் தள்ளிவிட்டாள். எலுமிச்சைத் தோலா, வாந்திக்கு நடுவில் எத்தனையோ முறை மிதந்திருக்கிறது. இஞ்சி மிட்டாய் பாதி கரைந்து சீட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கும். புதினா இலை பல்லில் அரைபடாமல் முழுசாக வந்திருக்கும். மாத்திரையோ போட்ட நிறம் மாறாமல் கிடக்கும். மணிக்கட்டில் கட்டுகிற பட்டையைக்கூட ஒருமுறை அந்தக் குழம்புக்குள்ளிருந்து இரண்டு விரலால் தூக்கி எடுத்திருக்கிறாள். இவ்வளவையும் அவள் சாப்பாட்டு நேரத்தில் விவரிக்க, சித்தப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அவர் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். எதையும் நிதானமாகத்தான் பேசுவார்.

"நீ மருந்து தேடுறியா, போஸ்ட்மார்ட்டம் பண்றியா?"

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரி. அதை மட்டும் அவள் எந்தப் பஸ்ஸிலும் அள்ளியதில்லை. அதுதான் அசல் மருந்து என்று முடிவு கட்டி மருந்துக்கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். அவள் பிளாஸ்திரி கேட்டாள். ஏன் மற்றதெல்லாம் வேண்டாம் என்பதையும் விளக்கமாகச் சொன்னாள். அவர் டப்பாவை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, மாத்திரை போட்டவங்களுக்கு அது ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா, அவங்க எதுக்கு உங்க பஸ்ல வாந்தி எடுக்கப் போறாங்க? நல்லாப் போனவங்க இறங்கி வீட்டுக்குப் போயிட்டாங்க. மிச்சப்பட்டவங்களத்தான நீங்க அள்ளுறீங்க?"

சித்திக்குத் திக்கென்றது. இத்தனை வருஷம் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு செய்தோமே, பார்க்காததை நினைக்கவே இல்லையே என்று தோன்றியது. காதில் ஒட்டுவது வயிற்றிலிருந்து எப்படி வரும் என்றும் அவர் கேட்டார். அவளுக்குக் கண்ணில் அழுத்தம் உண்டு என்று தெரிந்ததும் அந்தப் பிளாஸ்திரி அவளுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். மாத்திரை முழுசாக வெளியே வருவதற்கும் காரணம் சொன்னார். ஜனங்கள் வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகுதான் அதை விழுங்குகிறார்கள். வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

சித்தி யார் சொன்னாலும் பரீட்சித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். லீவு நாளில் டிக்கெட் எடுத்து மலைப்பாதை பஸ்ஸில், பின்சக்கரத்துக்கு மேலே உள்ள கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் அதிகம் கழுவிய சீட்டு அதுதான். கடைக்காரர் கொடுத்த முதல் மாத்திரை அவளைத் தூக்கத்தில் அமுக்கியது. கண் விழித்தபோது இறங்க வேண்டிய இடம் போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரின் தோளெல்லாம் அவள் எச்சில். அந்த ஆள் கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். விருந்தில் சூப்புக்குள் முகத்தை வைத்துத் தூங்கினால் அதுவும் அசிங்கம்தானே என்று அதைக் கைவிட்டாள்.

மாத்திரையே வேண்டாம், இஞ்சியைப் பார் என்றார் சித்தப்பா. அடுத்த லீவுக்கு இஞ்சியை மென்றுகொண்டு ஏறினாள். அன்றைக்கு பஸ்ஸை ஓட்டியவர் 'இரும்பு'. டிப்போவில் மூத்த டிரைவர். எந்த வளைவிலும் தன் வயிறு அசையாது, அது இரும்பு என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரை வாங்கியவர். சமவெளியில் இஞ்சி நன்றாகத்தான் இருந்தது. வளைவுகள் ஆரம்பித்ததும் தொண்டை வரை காரம் ஏறியது. பையைப் பிரிப்பதற்குள் வந்துவிட்டது. மடியில், சீட்டில், முன்னால் இருந்தவரின் செருப்பில். இஞ்சிச் சக்கை அப்படியே மஞ்சளாகக் கிடந்தது. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இரும்பு கண்ணாடியில் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய் மஞ்சள் துணியைக் கட்டினார்.

டிப்போவில் அந்தப் பஸ்ஸை வேறு யார் கழுவுவார்கள்? ஈரப் புடவையோடு அவளே வாளி எடுத்தாள். தன் வாந்தியைத் தானே மரத்தூள் போட்டு வழித்தாள். கான்டீன் ஜன்னலில் தலைகள் தெரிந்தன.

"கப்பலுக்கு வரும்போது வாளியையும் கையோட எடுத்துட்டு வந்துடுங்க அக்கா," என்றான் இரும்போடு போகிற கண்டக்டர். உள்ளே சிரிப்பு சத்தம். இரும்புதான் அதிகமாகச் சிரித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கப்பலுக்குப் போகப்போவதில்லை என்றாள். மறுநாள் சித்தப்பாவே மருந்துக்கடைக்குப் போய், அவள் கண் அழுத்தத்தையும் சொல்லி, தூக்கம் குறைவாக வருகிற இன்னொரு மாத்திரையை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். அவனுங்க சிரிச்சதுக்காக நீ ஏன் சோத்தை விடணும் என்று மட்டும் கேட்டார். சித்தி இன்னொரு முறை கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்கியிருந்தாள். வாய் கொஞ்சம் வறண்டது, கண் லேசாகச் சொக்கியது. வயிறு மட்டும் வாயைத் திறக்கவில்லை. மலை உச்சிவரை போய்த் திரும்பினாள். இதுதான் என்று முடிவு செய்தாள்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் துறைமுகக் கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். சித்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. அட்டையை இரும்பிடமும் நீட்டினாள். ஸ்டீயரிங் பிடிச்ச கைக்கு மாத்திரையா என்று அவர் சிரித்தார். ஆனால் அவர் பார்த்தது அட்டையை அல்ல, அதைப் பிடித்திருந்த அவள் விரல்களை. கண்டக்டரும் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விருந்துக் கூடத்தில் மேஜை உண்மையிலேயே வட்டமாக இருந்தது. சித்திக்கு ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் கண்டக்டர். யாருக்கும் போன் வரவில்லை, கடலில் சிக்னல் இல்லை. கை கழுவப் போகவும் வழி தெரியவில்லை. சூப் வந்தது, ரொட்டி வந்தது, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு வந்தது. சித்தி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். மெக்கானிக் ஒருவர் உப்பைத் தன் பக்கம் தள்ளச் சொன்னார். அவள் தள்ளினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், ஆனால் அவளுக்கு அது பெரிய விஷயம்.

கப்பல் நடுக்கடலுக்கு வந்ததும் ஆட்டம் கூடியது. கிளாஸில் தண்ணீர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஸ்டீயரிங் கையில் இருக்கும்வரைதான் இரும்பு இரும்பு. வளைவு எப்போது வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். இங்கே வளைவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அவர் பேச்சை நிறுத்தினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு ஒருமுறை விழுங்கினார். என்ன விழுங்கினார் என்பது சித்திக்குத் தெரியும். இரண்டாவது முறை விழுங்க முடியவில்லை. சூப்புக் கிண்ணத்தில், மேஜைத் துணியில், ரொட்டிக் கூடையில் எல்லாம் போய் விழுந்தது. மெல்லாமல் விழுங்கிய உருளைக்கிழங்கு கட்டி கட்டியாக. அதைப் பார்த்ததும் கண்டக்டர் வாயைப் பொத்தினான். விரல் இடுக்கு வழியாக வந்தது. எதிரில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

சித்தி அசையவில்லை. வயிறு அமைதியாக இருந்தது.

இரும்பு புறங்கையால் வாயைத் துடைத்தார். ஒரு மன்னிப்பு கேட்பார் என்று அவள் நினைத்தாள். அவர் மேஜையில் மடித்து வைத்திருந்த கைத்துணிகளை எல்லாம் சேர்த்து அவள் பக்கம் தள்ளினார். டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எப்படித் தாடையால் காட்டுவாரோ அப்படியே காட்டினார்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாத்துடுங்க."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒரு குழாயைத் திறப்பதுபோல, அவ்வளவு இயல்பாகச் சொன்னார். சித்தி அந்தத் துணிகளைப் பார்த்தாள். அவர் தாடையில் ஒட்டியிருந்த கிழங்கைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எந்த வாந்தியைப் பார்த்தும் வராத குமட்டல் அப்போது அவளுக்கு வந்தது. கடல் ஆடியதால் வந்ததல்ல அது. அதற்கு மாத்திரையும் கிடையாது.

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்ணே," என்றாள்.

கப்பல் பணியாளர்கள் வந்து துடைத்தார்கள், துணியை மாற்றினார்கள். டிப்போ ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனார்கள். வட்ட மேஜையில் சித்தி தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தாள். ருசியே தெரியவில்லை என்றாள் என்னிடம். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, கான்டீனில் இரும்பு நீள மேஜையில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் காட்டினார். வெட்கப்பட்டாரோ, மேனேஜர் ஏதும் சொன்னாரோ தெரியாது. முன்பானால் சித்தி அழுதிருப்பாள். இப்போது அவர் பல்லைக் குத்திக்கொண்டு இருந்த விரலைப் பார்த்தாள். பசிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வெளியே போனாள். கழுவிக் காயவைத்திருந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிட்டாள். பிறகு மலைப்பாதை பஸ் வந்தது. அதன் கண்ணாடியில் துணி கட்டியிருந்தது. போய்க் கழுவினாள். வேலை வேலைதான், ஆனா அவங்களோட உக்காந்து சாப்பிட எனக்கு இனிமே பிடிக்கலடா என்றாள்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்கும் சொல்லுங்கள். பஸ் ஓட்டுகிறவரோ டிக்கெட் கிழிக்கிறவரோ வீட்டில் இருந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கப்பலுக்கோ மலைக்கோ கிளம்புகிறவர்களிடம், மாத்திரை போடுவதாக இருந்தால் மருந்துக்கடையில் கேட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். அப்படியும் வந்துவிட்டால், கழுவ வருகிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.