பேர் வெட்டிய கார்கள்

புதுக்கடை ஜான்ரோஸ் முப்பத்தொரு வருஷம் துபாயில் ஒரு பெரிய கடையில் தரை துடைத்தான். அவன் தம்பி தேவகுமார் ஒன்பதே வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்து மாடிவீடு கட்டினான். ஜான்ரோஸ் கொண்டுவந்தது கைக்குள் அடங்குகிற பொம்மைக் கார்கள். கார், பஸ், தீயணைப்பு வண்டி என்று நானூறுக்கு மேல். ஒன்றின் பெட்டியையும் அவன் பிரித்ததில்லை. பிரித்து விளையாட அந்த வீட்டில் பிள்ளையும் இல்லை. அலமாரியில் அடுக்கி வைத்துக் கைகட்டி நின்று பார்ப்பான். முட்டாள்தனம் என்று தேவகுமார் அப்போதே சொன்னான்.

அவன் பெண்டாட்டி குளோரி வாய்க்காரி. அந்தக் கார்களை அவள் சவம் என்றுதான் சொல்வாள். அதில் தப்புமில்லை. ஓட்டுவீட்டில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்து மழைக்காலம் கழித்தவள் அவள்தானே. தேவகுமார் வீட்டுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் ஜான்ரோஸோடு பேச மாட்டாள்.

போன வருஷம் களியக்காவிளை ஸ்ரீஜித் வந்தான். பழைய பொம்மை வாங்கி விற்கிறவர்கள் கூடுகிற கண்காட்சிகளில் கடை போடுகிறவன். அலமாரியைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பெட்டி பிரிக்காதது கிடைப்பதே அபூர்வம், திருவனந்தபுரத்தில் அடுத்த மாதம் கூடுகிறது, ஒரு மேசை எடுங்கள், ஆட்கள் போட்டி போட்டு எடுப்பார்கள் என்றான். ஆட்கள் போட்டி போடுவார்கள் என்ற கடைசிப் பேச்சு மட்டும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்ற குளோரியின் காதில் விழுந்தது. அன்றைக்கு மீன்குழம்பில் நல்ல துண்டு ஜான்ரோஸுக்கு வந்தது.

அவனுக்குக் காசு பெரிசில்லை. இந்த மனுஷன் முட்டாள் இல்லை என்று இவள் ஒரு தடவை நினைத்தால் போதும். அந்த ஆசைதான் அவனுக்கு.

இடையில் அவனுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. பத்து நாள் கறுப்புக் கண்ணாடியோடு படுத்துக் கிடந்தான். கார்களைத் தானே கட்டி வைப்பதாக குளோரி சொன்னாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அந்த அலமாரியைத் தொட்டது அப்போதுதான். அவன் மறுக்கவில்லை.

திருவனந்தபுரத்து ஹாலில் மேசைக்கு மேசை ஒட்டிக் கிடந்தது. ஜான்ரோஸ் முதல் பெட்டியை எடுத்தான். ஓரத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அடுத்ததிலும் ஒட்டியிருந்தது. குளோரி சிரித்துக்கொண்டு ஒரு காரை வெளியே எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். அடிவயிற்றில் புள்ளி புள்ளியாக ‘ஜா.ரோஸ்’ என்று வெட்டியிருந்தது.

“கல்யாண வீட்டில எனக்க ரெண்டு செம்புப்பானை மாறிப்போனது ஓர்மையில்லியா? இங்க மேசையெல்லாம் இப்பிடி ஒட்டிக் கெடக்கு, எவனாவது அவனுக்கதுன்னு எடுத்துட்டுப் போயிருவான். அதான் பாத்திரக்கடையில குடுத்து எல்லாத்திலயும் பேரு வெட்டினேன். மூணு நாள் பக்கத்துலயே இருந்தேன், பாத்துக்கிடுங்க. இனி நம்ம காரை ஒருத்தனும் தொட முடியாது.”

நம்ம கார் என்றாள். அவன் அதைக் கேட்டான். காரை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தான். நல்லா வெட்டியிருக்கான் என்று சொல்லி, சாயா வாங்கிவர அவளை வெளியே அனுப்பினான்.

அவள் போனதும் ஆட்கள் வந்தார்கள். பெட்டியை எடுப்பார்கள், டேப்பைப் பார்ப்பார்கள், காரைக் கவிழ்ப்பார்கள், வைத்துவிட்டு நகர்வார்கள். ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டு வந்து காட்டினான். ஸ்ரீஜித் கடைசியில் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான்.

“அண்ணாச்சி, பெட்டியப் பிரிச்சதே போதும், வெல விழ. இதுல பேரும் வெட்டினா எவன் எடுப்பான்? யாரு செய்த வேலை இது?”

வாசலில் இரண்டு கிளாஸ் சாயாவோடு குளோரி நின்றாள். வழியில் கூட்டம். அவளுக்குக் கேட்கிற தூரமில்லை.

“நாந்தான். அவளுட்ட ஒண்ணும் பேசாண்டாம், கேட்டியா.”

ஸ்ரீஜித் அவனை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை ஜான்ரோஸுக்குப் பழக்கமானது. தேவகுமாரும் அப்படித்தான் பார்ப்பான்.

மத்தியானத்துக்குமேல் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவன், அழுகையை நிறுத்த இரண்டு கார் எடுத்தான். விளையாட்டுச் சாமான் விலை கொடுத்தான். வேறு ஒருவரும் எடுக்கவில்லை. குளோரி காலையில் சேலை முந்தியை இழுத்துச் செருகி நிமிர்ந்து நின்றவள். நேரம் ஆக ஆக நாற்காலியில் ஒடுங்கிவிட்டாள். நாலு மணிக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் கட்ட ஆரம்பித்தார்கள்.

“நம்ம மேசைக்கு மட்டும் ஏன் ஆளு நிக்கல்ல?” என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஜான்ரோஸ் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இதெல்லாம் வெல போவாத சாமான், குளோரி. எனக்குத் தெரியல்ல. ஒண்ணும் தெரியாமத்தான் வாங்கியிருக்கேன்.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலாம். அவள் கார்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டாள். பாதி சாக்கு நிறைந்தது.

“முப்பத்தொரு வருஷம்,” என்றாள். “தேவகுமார் அப்பவே சொன்னான்.”

“சொன்னான்,” என்றான் ஜான்ரோஸ்.