எர்த் இல்லாத வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் கேம் ஆடுவது நான். வீடியோ எடிட் செய்வது என் கணவர். இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடுத்துக் கொடுப்பார். ஊரோடு போய்விட்ட நண்பர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய கம்ப்யூட்டர்தான் இருவருக்கும். பாதி வேலையில் நின்றுவிடும். புதிதாக ஒன்று போடலாம் என்று முடிவெடுத்ததும் சண்டை ஆரம்பமானது. அவருக்கு ராம் நிறைய வேண்டும்; எனக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

அந்தச் சண்டை ஒரு காலையில் நின்றுபோனது. நான் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள், தவழத் தொடங்கியிருந்த எங்கள் மகள் ஈரத்திலேயே போய், மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டின் தகரத்தைப் பிடித்தாள். வீறிட்டுக்கொண்டு பின்னால் விழுந்தாள். வாரி எடுத்தேன். அழுகை அடங்கியதும் நானே ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். முழங்கைவரை விறுவிறுவென்று ஏறியது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.

"ஏட்டி, அது ஸ்டேட்டிக்கா இருக்கும். எதுக்கு இப்படிப் பயப்படுத?"

"ஸ்டேட்டிக்குன்னா சுளீர்னு ஒரு தடவ அடிச்சிட்டுப் போயிருங்க. இது வைக்க வைக்க ஏறுது. செருப்பில்லாம நீங்களே தொட்டுப் பாருங்க."

பிளக்கை மாட்டித் தொட்டார். கையை உதறிக்கொண்டு அவரே பிளக்கைப் பிடுங்கினார்.

ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனபோது, கடைக்காரர் பிராசஸர், மதர்போர்டு என்று பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். எதையும் கையில் வாங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தொட்டா ஷாக் அடிக்காத கேபினெட் இருக்காண்ணே?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"கேபினெட்ட மாத்தி இன்னாக்கா ஆவப் போவுது? உங்க வூட்ல எர்த் கீதா? அது இல்லன்னா, நீ எத்த வாங்கினு போனாலும் பாடில கரண்ட்டு வந்துகினேதான் இருக்கும். மொதல்ல எலக்ட்ரீசியன கூட்டியாந்து பாரு."

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார். டெஸ்ட் பல்பின் ஒரு ஒயரைக் கரண்ட் வரும் துளையிலும் இன்னொன்றை எர்த் துளையிலும் வைத்தார். எர்த் இருந்தால் எரிய வேண்டும். எரியவில்லை. சுவிட்ச்போர்டைக் கழற்றினால், எர்த்துக்கான பச்சை ஒயர் நுனி வெட்டுப்பட்டு உள்ளேயே சுருண்டு கிடந்தது. ஈரக்கையோடு எத்தனை முறை கிரைண்டரை வழித்திருக்கிறேன், இடுப்பில் மகளோடு எத்தனை முறை ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறேன்.

தன் நிலத்தில் ரூம்கள் கட்டி எங்களுக்கும் இன்னும் பலருக்கும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன்; வந்து வாசலிலேயே நின்றார்.

"இத்தினி பசங்க தங்கிகிறானுங்க. ஒருத்தன்கூட இப்டி சொன்னதில்லயே."

"பச்ச ஒயர் எங்கயும் போவலம்மா. எல்லா ரூம் ஒயரிங்கும் இதே ஆளு பண்ண வேலைதானே?" என்றார் எலக்ட்ரீசியன்.

அந்த அம்மா தாழ்ந்த குரலில், "என் வூட்டயும் அவன்தான் பண்ணான். வா, வந்து பாரு" என்று அவரை அழைத்துக்கொண்டு போனார். அங்கேயும் பல்பு எரியவில்லை. அந்த வாரமே பின்பக்கம் குழி தோண்டி எர்த் போட ஆள் வந்துவிட்டது.

நாங்கள் கம்ப்யூட்டரையும் வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டை ஒரு படி சின்னதாக நானே குறைத்துக்கொண்டேன். ராமில் அவரும் குறைத்துக்கொண்டார். பதிலுக்கு நல்ல பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் எடுத்தோம். முதல்முறை ஆன் செய்யும் முன் மகளைப் பக்கத்து ரூம் அக்காவிடம் விட்டுவந்தேன். இருவரும் தொடாமல் நின்றோம். "நீங்க இருங்க" என்று சொல்லிப் புறங்கையைத் தகரத்தில் வைத்தேன். வெறும் குளிர்ச்சிதான்.

பயம் அதோடு போகவில்லை. கேபினெட்டை மேசைமேல் ஏற்றிவிட்டோம். இப்போதும் கேம் ஆடும்போது ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் எதிரி வரும் சத்தம் கேட்காமல் தோற்றுப்போவேன். பரவாயில்லை, மகள் எந்தப் பக்கம் தவழ்கிறாள் என்பது மற்ற காதுக்குத் தெரிந்தால் போதும்.