ரோசம்மா அக்காவின் வெறுங்கால்

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், கோயிலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஐந்தாறு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சயா, இத்தாலி எப்படி இருந்துச்சு? பிரான்சிஸ் சாமி சமாதியில நின்னப்ப அப்படியே உருகிட்டீங்களா?"

"கோபமா இருந்துச்சு" என்றேன்.

எல்லோரும் டீயை மறந்துவிட்டு என்னையே பார்த்தார்கள். புனித யாத்திரை போய்விட்டு வந்தவன் பேசுகிற பேச்சா இது? என்ன செய்வது... பொய் சொல்ல மனம் வரவில்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் என் புலம்பலைப் பொறுத்துக்கொள்பவர்கள் நீங்கள்தானே, உங்களிடமே கொட்டிவிடுகிறேன்.

எங்கள் பர்மாவின் யாங்கோனிலிருந்தும் பக்கத்து ஊர் தன்லியினிலிருந்தும் பதினான்கு பேர், பிரான்சிஸ்கன் யாத்திரை. அவர்களுக்கு நான் உதவித் தலைவர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பாத்ரூம் எங்கே என்று விசாரிப்பது, ஆட்களை எண்ணிப் பஸ்ஸில் ஏற்றுவது, தலைவர் சொல்வதைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எடுத்துச் சொல்வது — அவ்வளவுதான். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். இங்கே வாத்தியாரைச் சயா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டாலும் பட்டம் விடவில்லை.

மிங்கலாடோன் ஏர்போர்ட்டில் விமானம் ஏறியபோது என் பக்கத்து சீட்டில் தன்லியின் ரோசம்மா அக்கா. ஊரில் பலருக்கு அவர் டோ ரோஸி; வயதான பெண்களுக்குப் பர்மிய மொழியில் போடும் மரியாதை அந்த டோ. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அவருடைய மகன் குமார் மீன்பிடிப் படகு வேலைக்குத் தாய்லாந்து பக்கம் போனவன். ஐந்து மாதம் போன் இல்லை, தகவல் இல்லை. இருக்கிறானா, இல்லையா என்றே தெரியாது. அக்கா நேர்ந்துகொண்டார் — மகன் குரலைக் கேட்டுவிட்டால், பிரான்சிஸ் சாமி சமாதிக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று. ஒரு நாள் போன் வந்தது. சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் மகள், அம்மாவின் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தாள்.

"சாமி வாக்கைக் காப்பாத்திட்டாரு சயா. இனி என் பங்குதான் பாக்கி" என்றார்.

ரோம் ஏர்போர்ட்டில் எங்களுக்காகக் காத்திருந்தவர் யாத்திரைத் தலைவர். ஸ்டீபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு இதே யாங்கோனிலிருந்து போனவர். நீளமான கோட்டு, பளபளவென்று ஷூ. எங்கள் பெண்கள் விமானம் இறங்குவதற்கு முன் பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்று, சந்தனம் மாதிரி அரைத்த மரப்பட்டைத் தனாக்காவைப் புதிதாகப் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். புனிதர் பிறந்த மண்ணில் களையான முகத்தோடு இறங்க வேண்டுமாம்! ஸ்டீபன் அந்த மஞ்சள் கன்னங்களை ஒருமுறை பார்த்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"முதல்ல இவங்களை மூஞ்சியைக் கழுவச் சொல்லுங்க. இது பஜார் இல்ல."

தமிழில்தான் சொன்னார், ஆனால் என் காதோரமாக. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாரும் களைப்பா இருப்பீங்க, முகம் கழுவிட்டு வாங்க" என்றேன். அவமானத்தை உபசாரமாக மாற்றிச் சொல்வதில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம்! பெண்கள் சந்தோஷமாகப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

பிரான்சிஸ் சாமியின் ஊரான அசிசியில் பஸ் நின்றது. நல்ல குளிர். அக்கா செருப்பை சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். மற்றவர்கள் ஷூ போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். ஆனால் கோயில் வாசல் வந்ததும் ஒருவர் குனிந்தார், இன்னொருவர் குனிந்தார்... ஒரு நிமிஷத்தில் பதின்மூன்று ஜோடி ஷூக்கள் சுவரோரமாக வரிசை கட்டி நின்றன. யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோயிலோ, பயா என்கிற புத்தர் கோயிலோ, பள்ளிவாசலோ, பக்கத்து வீடோ, வாசலைக் கண்டால் கால் தானாகவே செருப்பைக் கழற்றிவிடும்.

முன்னால் போய்விட்ட ஸ்டீபன் திரும்பி ஓடிவந்தார்.

"என்ன சயா இது! பயான்னு நினைச்சிட்டாங்களா? மத்த குரூப்பெல்லாம் பார்க்கறாங்க. மானமே போகுது. போடச் சொல்லுங்க!"

யாருடைய மானம்? நான் கேட்கவில்லை. சொன்னேன், போட்டுக்கொண்டார்கள். அக்கா மட்டும் அப்படியே நின்றார்.

"அந்தம்மாவுக்கு என்ன?"

"நேர்த்திக்கடன் சார்..."

"காலைக் கிழிச்சிக்கிட்டா இன்சூரன்ஸ் யார் பார்க்கிறது? செருப்பு போட்டாத்தான் உள்ளே."

ஆனாடெ என்று பர்மிய மொழியில் ஒன்று உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கக்கூடாதே என்று, நம் சங்கடத்தை நாமே விழுங்கிக்கொள்வது. பர்மாக்காரர்களோடு தலைமுறை தலைமுறையாக இருந்ததில் எங்களுக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அக்காவுக்கு ஆனாடெ. எட்டாயிரம் கிலோமீட்டரோ என்னவோ பறந்து வந்தவர், வாசலில் வைத்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பதின்மூன்று பேருக்கும் ஆனாடெ. எனக்கும்தான்.

நான் பஸ்ஸுக்குப் போனேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்தச் செருப்பை எடுத்தேன். கொண்டுவந்து, குனிந்து, அவர் காலடியில் வைத்தேன். அக்கா செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அக்கா ரொட்டியைத் தொடவே இல்லை. என்ன என்று கேட்டேன்.

"குமாரு போன் பண்ணினான் சயா. வெறுங்காலோட போனியாம்மான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். சாமி ஊர்ல வந்து உக்காந்துகிட்டு, பெத்த புள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேனே..."

அப்போதுதான் வந்தது எனக்குக் கோபம். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை. யார் இந்த ஸ்டீபன்? பிரான்சிஸ் யார்? பணக்கார அப்பாவின் துணிமணியை அவர் காலடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு நடந்தவர்! அவரைப் பார்க்க வெறுங்காலோடு வந்தால் மானம் போகுமாம். தன்லியின் பஸ்ஸில் பார்த்திருப்பீர்களே — முண்டியடித்து முதலில் ஏறி சீட் பிடித்தவனுக்குத்தான், பின்னால் ஏறுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் அதிகம். ஸ்டீபனும் யாங்கோனில் வாசலுக்கு வாசல் செருப்பைக் கழற்றிவிட்டு வளர்ந்தவர்தான். அதை நாங்கள் ஊரறிய ஞாபகப்படுத்திவிட்டோம், அதுதான் குற்றம்.

நேராக அவரிடம் போனேன். "அக்கா மறுபடியும் கோயிலுக்குப் போகணும் சார். வெறுங்காலோட."

"ஒன்பதுக்கு பஸ் கிளம்பணும்."

"நிக்கட்டும்."

"நீங்க வெறும் அசிஸ்டன்ட். இங்க லீடர் நான்."

"அசிஸ்டன்ட்தான். உங்களுக்கு இல்ல சார். இவங்களுக்கு!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஸ்டீபன் ஏதோ இத்தாலிய மொழியில் முணுமுணுத்துக்கொண்டு போனை எடுத்தார். யாருக்கு வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கியிருந்த விடுதியிலிருந்து கோயில் வரைக்கும் ஏற்றம். கல் பாவிய தெரு, ஐஸ் மாதிரி குளிர். அக்கா முன்னால் நடந்தார். பின்னால் நான், ஷூவையும் சாக்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் பதின்மூன்று பேரும் அப்படியே வருகிறார்கள்! யாரோ தமிழில் ஜெபமாலையைத் தொடங்க, பர்மிய மொழியில் பதில் வந்தது.

கோயில் வாசலில் வயதான துறவி ஒருவர் நின்றிருந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன், சண்டைக்கும் தயாரானேன். அவர் ஒதுங்கி நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்! கோயில்காரர்களுக்கு ஆட்சேபணையே இல்லை. ஆட்சேபணையெல்லாம் எங்கள் ஆளுக்குத்தான்.

சமாதிக்கு முன்னால் அக்கா முழங்காலில் நின்றார். மகன் பெயரை மூன்று முறை உரக்கச் சொன்னார். அழவில்லை. எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கடன் தீர்ந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமிதம். உண்மையைச் சொல்கிறேனே... அக்கா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இறக்கத்தில் கால் வழுக்காமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"இம்புட்டுதானா சயா? இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டே மீதி இறக்கத்தையும் நடந்தேன். ஸ்டீபன் மேல் இருந்த கோபம் பஸ் கிளம்பியதுமே பாதியாகிவிட்டது. செருப்பை எடுத்துவந்தவன் மேல் இருக்கும் கோபம்தான்... இன்னும் குறையவில்லை.