பேர் வைக்காத பிள்ளை

திருவாதவூர் போகும் வழியில் பஸ் நின்றுவிட்டது. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில்தான் பஸ் ஓடுகிறது. டிரைவர் பின்பக்கத்து அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து டைரியை எடுக்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவது என் வழக்கம்.

பக்கத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். குழந்தை முகத்தில் வெயில் படாமல் அவள் புருஷன் துண்டை விரித்துப் பிடித்திருக்கிறான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்புகிறார்களாம்.

“என்னண்ணே, இம்புட்டு நேரமா எழுதுறீக?” என்கிறாள்.

“இன்னைக்கு நடந்ததைத்தாம்மா. தினமும் எழுதுவேன்.”

அவள் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். “இவனுக்கு இன்னைக்குத்தேன் காய்ச்சல் விட்டுச்சு. அதையும் எழுதுவீகளா?”

“எழுதுறேன். பிள்ளை பேர் என்ன?”

அவள் புருஷன்தான் சொல்கிறான். “இன்னும் வைக்கலண்ணே. இவனுக்கு முன்னாடி ரெண்டு. பேர் வச்ச கொஞ்ச நாள்லயே போயிருச்சுக. அதான் பயந்துக்கிட்டு இருக்கோம்.”

“பிள்ளைன்னே எழுதிக்கிறேன்” என்கிறேன்.

அவள் புருஷனை ஒருமுறை பார்க்கிறாள்.

“வேணாண்ணே. கருப்பையான்னு எழுதுங்க.”

அவன் குனிந்து, “கருப்பையா” என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்க்கிறான். நான் எழுதி, அந்த எழுத்துகளின் கீழே விரல் வைத்து அவளுக்குக் காட்டுகிறேன். ஈர மை கலைந்துவிடாமல் அவள் அதன்மேல் பையப் பைய ஊதுகிறாள்.