இங்கு செய்தவை மட்டும்

கிளிநொச்சிக்கு வந்த முதல் வாரம், சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கடைப் பலகையைப் பார்த்து நின்றேன். ‘ரீசேட் அச்சிட்டுத் தரப்படும்’ என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தேன். ரசீது மாதிரி ஏதோ அலுவலகக் காகிதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் கணவர் ரவியிடம் கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் தளும்பியது. “அது நீ பதினொரு வருசம் அடிச்ச சாமான்தான்” என்றார். டிஷர்ட். ஆங்கிலச் சொல்லில் வரும் ‘டி’யை இங்கே ‘ரி’ என்று எழுதுகிறார்கள். எழுதுவது ரி, வாசிப்பது டி. திருப்பூரில் பதினொரு வருடம் டிஷர்ட்டில் படம் அச்சடித்த எனக்கு, என் தொழிலின் பெயரைத் தமிழில் வாசிக்கத் தெரியவில்லை.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் பனியைப் பற்றியும் புரியாத மொழியைப் பற்றியும் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். என் வெளிநாடு அப்படிப்பட்டதல்ல. சென்னையிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இறங்கினால் இங்கேயும் வெயில், நெல்வயல், பிள்ளையார் கோவில், தமிழ். நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் என் அண்ணிகூட நம்புவதில்லை. ரவி கிளிநொச்சியில் பிறந்து, சின்ன வயதில் படகேறி, ஈரோட்டுப் பக்கம் அகதி முகாமில் வளர்ந்தவர். நான் வேலை செய்த அச்சுக்கூடத்தில் சாயம் கலந்துகொண்டிருந்தார். காலையில் கலந்த மஞ்சளைக் கட்டைவிரல் நகத்தில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அந்த நகத்தைப் பார்த்துத்தான் நான் மனதைக் கொடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய அப்பாவின் காணி திரும்பக் கிடைத்தது. நானும் வந்தேன், துணியில் படம் அச்சடிக்கும் இரண்டு மரச் சட்டங்களைப் புடவையில் சுற்றிக்கொண்டு.

முன்னறையில் நீள மேசை ஒன்று போட்டு வேலையைத் தொடங்கினோம். முதலில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் உதைபந்தாட்டக் கழகங்களுக்கும் அச்சடித்தோம். பிறகுதான் இந்த ஊரின் இன்னொரு பக்கம் தெரியவந்தது. கிளிநொச்சி என்றால் நீங்கள் செய்தியில் பார்த்ததுதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஏ-9 வீதிக் கடைகளின் மாடியறைகளில் வேறு என்னென்னவோ நடக்கிறது. மணப்பெண் ரவிக்கைகளுக்கு மணி கோக்கிறார்கள். ஒரு தகரக் கொட்டகையில் நான்கு பேர் கிட்டார் பழகுகிறார்கள். கல்யாண ஜோடிகளை இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்களுக்கு வாரக் கடைசியில் மூச்சுவிட நேரமில்லை. எல்லோரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். கொழும்புக்கும் போகாமல் கனடாவுக்கும் போகாமல், இங்கேயே இருந்து எதையாவது செய்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள்.

அவர்களில் ஒருத்தி தர்சிகா. அவளே உடைகளை வடிவமைத்து, சின்னதாக ஒரு மாடிக்கடை வைத்திருக்கிறாள். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து ஒரு காகிதத்தை மேசையில் விரித்தாள். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வயலில் நடக்கும் கொக்குகள். வரைந்தவர் செல்வி என்ற ஓவியர். பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தைச் சேர்ந்தவர். ஒவ்வொரு கொக்கும் ஒரே கோடு, எடுத்த பேனாவைத் தூக்காமல்.

“அக்கா, இந்தக் கொக்கை அடிச்சு பத்துச் சட்டை வேணும். எனக்குக் கலியாண வேலை தலைக்கு மேல. நீங்களே தைச்சுத் தாங்கோ. கொஞ்சம் நீளமா, லூசா.”

எனக்குத் தையலும் வரும். பத்து நாளில் பத்துச் சட்டை தைத்தேன். காலர், பை, முழுக்கை, பொத்தான் எல்லாம் திருத்தமாக. பிரித்துப் பார்த்த தர்சிகா ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

“அக்கா, இது சேட்டெல்லோ?”

“சட்டைதானே கேட்டீங்க?”

“ஐயோ, சட்டை எண்டா பொம்பிளைப் பிள்ளையள் போடுறது. கவுண்!”

எங்கள் ஊரில் ஆண்கள் போடுவது சட்டை. இங்கே அது சேட். சட்டை என்றால் பெண்கள் அணியும் கவுன். பத்து நாள் உழைப்பு மேசையில் கிடந்தது. நான் அவற்றை மடிக்கத் தொடங்கினேன். தர்சிகாவோ ஒன்றை எடுத்துத் தன் உடுப்பின் மேலேயே போட்டுக்கொண்டாள். கையை முழங்கை வரைக்கும் சுருட்டினாள். இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டிக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “வடிவாத்தான் கிடக்கு” என்றாள். அன்றைக்கே படம் எடுத்து இணையத்தில் போட்டாள். வங்கியிலும், கச்சேரி என்று இங்கே சொல்லும் அரசாங்க அலுவலகத்திலும் வேலை செய்கிற பெண்கள் கேட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த உடுப்புக்கு ‘கொக்குச் சேட்’ என்றே பெயர் வந்துவிட்டது.

பிரச்சினை அதற்கு அடுத்ததாக வந்தது. மாடியறைகளில் வேலை செய்யும் இந்த இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து, மூடிக் கிடந்த ஒரு நெல் களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, மாதக் கடைசிச் சனிக்கிழமையில் ஒரு சந்தை வைப்பது என்று முடிவு செய்தார்கள். மேசைகளை ஒழுங்குபடுத்தப் போன அன்று, கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன்: ‘வன்னி ஆக்கள், வன்னியில் செய்தவை மட்டும்.’ கிளிநொச்சியும் சேர்ந்த இந்தப் பகுதிக்கு வன்னி என்று பெயர். எழுதியவர் கஜன். தமிழ் எழுத்துகளை விதவிதமாக வரைந்து டிஷர்ட்டில் போடுபவர். அவருடைய கைவேலை அவ்வளவு சுத்தம். பெயர்ப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. சங்கீதா ஞாபகத்துக்கு வந்தாள். திருப்பூர் அச்சுக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் நின்ற ஒடிசாப் பெண். ஆறு வருடம் என்னோடு நின்றவள். தமிழில் சண்டை போடுவாள், தமிழில் பாட்டுப் பாடுவாள். அவளிடம் நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் “எப்போ ஊருக்குப் போறே?” என்று கேட்டிருக்கிறேன். அன்பாகத்தான் கேட்டேன். ஆறு வருடமும் கேட்டேன்.

“நான் கஜன்கிட்ட பேசிக்கிறேன்” என்று தர்சிகாவிடம் சொன்னேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாமக்கா, பேசாதேங்கோ. அவன் பாவம்.”

“ஏன், பேசினா என்ன?”

“எல்லாருக்கும் முன்னால பேசினா அவனுக்கு அவமானமெல்லோ?”

இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்பார்கள். இத்தனை வருடமாகியும் அவசரத்தில் என் வாயில் பழைய சொல்தான் வருகிறது. “சரி, கதைக்கிறேன்” என்றேன். அதற்குள் ‘பேசிக்கிறேன்’ என்ற முதல் சொல் கஜன் காதில் விழுந்துவிட்டது. திட்டு வாங்கத் தயாரானவர் போலக் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

“அக்கா, உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை” என்று அவரே தொடங்கினார். “ரோட்டில எல்லாக் கடையிலயும் இந்திய உடுப்புத்தான். நாங்கள் ஒரு டிசைன் கீறி அடிச்சா, கொஞ்ச நாளில அதே மாதிரி அங்கயிருந்து வந்து தொங்குது. எங்களுக்கெண்டு ஒரு இடம் வேணும் எண்டுதான் இதைத் தொடங்கினது. இஞ்சயும் இந்தியா எண்டா நாங்கள் எங்க போறது?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படி வந்து தொங்கும் டிஷர்ட்டுகளில் சிலதை நானே அடித்திருக்கலாம். அவருடைய மேசையில் மடித்து வைத்திருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். அச்சு அருமையாக இருந்தது. பழக்கதோஷத்தில் கழுத்தின் உட்புறத்தைத் திருப்பினேன். கம்பெனிப் பட்டியை வெட்டி எடுத்த இடத்தில் வெள்ளை நாடாவின் ஓரம் மிச்சமிருந்தது. தையலைப் பார்த்தாலே தெரியும், எங்கள் ஊர்த் தையல். நான் அதைப் பழையபடி மடித்து வைத்தேன். நான் பார்த்ததைக் கஜன் பார்த்துவிட்டார்.

“வெறும் ரீசேட் இஞ்ச ஆர் அக்கா செய்யினம்?” என்றார், தாழ்ந்த குரலில்.

“தெரியும் தம்பி” என்றேன்.

சுவரில் தன் ஓவியங்களை மாட்டிக்கொண்டிருந்த செல்வி, கையில் கயிற்றோடு எங்களிடம் வந்தார். அதிகம் கதைக்காதவர். வெள்ளைப் பூச்சுப் படிந்த கை. “கஜன், ஒண்டு கேக்கட்டே?” என்றார். “எங்கட ஆக்கள் மலைநாட்டில தேயிலை எடுத்தவை. இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து ஜெயபுரத்தில காடு வெட்டினவை. நான் பிறந்தது இஞ்சதான். இண்டைக்கும் என்ர படத்தை வாங்க வாற ஆக்கள், ‘நீங்கள் எவ்விடம், மலையகமோ?’ எண்டு கேக்கினம். ‘வன்னி ஆக்கள்’ எண்டு எழுதியிருக்கிறீர். அதில நான் இருக்கிறேனோ இல்லையோ எண்டு எனக்கு விளங்கேல்ல. சொன்னீர் எண்டா, படத்தை மாட்டுறதோ கழட்டுறதோ எண்டு யோசிக்கலாம்.”

குரலில் சூடே இல்லை. உண்மையாகவே விடை தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. தர்சிகா தரையைப் பார்த்தாள். அவளுடைய குடும்பம்கூட யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்ததுதான், குளத்துத் தண்ணீரை நம்பி. கஜன் கதவடிக்குப் போய்த் தாளை உரித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில், அதாவது சேட்டுப்பையில், வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். சந்தையே நின்றுவிட்டது என்று நினைத்தேன். இந்தப் பிள்ளைகளின் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்ற வருத்தத்தோடு வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தேன். ரவியும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு உரித்தார்.

மறுநாள் காலையில் தர்சிகா ஒரு படம் அனுப்பினாள். அதே கதவு, புதுத் தாள். ‘இங்கு செய்தவை மட்டும். எது எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் எழுதி வைக்கவும்.’ கஜனின் எழுத்துத்தான்.

சனிக்கிழமை ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை இருந்தது. கஜனின் அட்டையில் ‘ரீசேட் திருப்பூர், எழுத்து கிளிநொச்சி’ என்றிருந்தது. என்னுடையதில் ‘துணி ஈரோடு, மை கொழும்பு, கொக்கு ஜெயபுரம், அச்சும் தையலும் கிளிநொச்சி’ என்று எழுதினேன். ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த இரண்டு ஆசிரியைகள் உடுப்பைப் பார்த்ததைவிட அட்டைகளை வாசித்ததுதான் அதிகம். செல்வியின் அட்டையில் ஒரே ஒரு சொல்: ‘கை’. அவருடைய மூன்று படங்கள் விற்றுப்போயின. மாலையில் கஜன் என் மேசைக்கு வந்து, தன் புது எழுத்தை நான்கு நிறத்தில் அடிக்க வேண்டும், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று விலகாமல் விழ வேண்டும், செய்து தருவீர்களா என்று கேட்டார். அப்போதும் உட்காரவில்லை. நான்தான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ரவியோடும், கிளிநொச்சியில் பிறந்து ஆறு வயதான எங்கள் மகள் அபிநயாவோடும் திருப்பூர் போனேன். அண்ணனுக்குக் கொக்குச் சேட் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, “துணி நம்மூருதுதான், வேலை நம்மூரு இல்ல” என்றார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. சமையலறையில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ பேசறது பாதி புரியமாட்டேங்குது கோமதி” என்றாள். பந்தியில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எப்போது திரும்பிப் போகிறாய் என்று. சங்கீதா அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

திரும்பும்போது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பலாலி விமான நிலையத்தில் இறங்கினோம். சின்ன மண்டபம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு இன்னொன்று. ரவியும் அபிநயாவும் அந்தப் பக்கம் நின்றார்கள். நான் இந்தியக் கடவுச்சீட்டோடு இந்தப் பக்கம். நடுவே ஒரு நீலப் பட்டி கட்டியிருந்தார்கள். என்னுடைய வரிசையில் இருந்த அதிகாரி சிங்களவர். சிரித்த முகத்தோடு தெரிந்த தமிழில் கேட்டார்.

“எங்க தங்கிறது?”

“கிளிநொச்சி.”

“ஹோட்டல்?”

“இல்லை, வீடு.”

“யாரு வீடு?”

“என்ர வீடு” என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குனிந்து கடவுச்சீட்டைப் பார்த்தார். பிறகு வதிவிட விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் தேடத் தொடங்கினார். அந்தப் பக்கத்து வரிசை முன்னே நகர்ந்தது. அபிநயா மட்டும் நகரவில்லை. பட்டிக்கு மேலால் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ரவி முன்னாலிருந்து கூப்பிட்டார். அவள் ஒரு கையை அவரிடம் கொடுத்தாள், மற்றக் கையை எடுக்கவில்லை. அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம்.